விக்கெட் கீப்பர் தேவராஜனின் மோதிர விரல்

விக்கெட் கீப்பர் வேலையைப் போல நன்றிகெட்ட வேலை இன்னொன்று இருந்தால் சொல்லுங்கள். காலை முதல் மாலை வரை உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து முட்டி தேய்ந்துபோகும். வருகிற பந்தையெல்லாம் பிடித்துக்கொண்டே இருந்தால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஒன்றைக் கோட்டை விட்டால், வேலியோரம் வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பவன்கூட எழுந்து நின்று வைவான். அப்படிப்பட்ட வேலைக்குத் தன் இரண்டு கைகளையும் கொடுத்தவன் தேவராஜன். அந்தக் கைகள் ஏற்கெனவே வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டவை என்பதுதான் எல்லா வினைக்கும் காரணம்.

செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி வரப்போடு அரை மணி நடந்தால் அவனுடைய ஊர் வரும். சுற்றிலும் நெல். நடுவில் சின்னதாக ஒரு பெருமாள் கோயில். அங்கே பூஜை செய்துவந்தவர் அவன் அப்பா கிருஷ்ணஸ்வாமி பட்டாச்சாரியார். தாத்தாவும் அவருக்கு முன்னால் இருந்தவர்களும் அதே கருவறையில்தான் வாழ்நாளைக் கழித்தார்கள். தேவராஜன் ஒரே பிள்ளை. தாயார் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டு உள்ளே நுழையும்போதெல்லாம் அப்பா வாசற்படியில் நிறுத்திவிடுவார்.

"கையைக் காட்டுடா."

நகத்தில் அழுக்கு இருக்கக் கூடாது. சிரங்கு இருக்கக் கூடாது. வேலி முள் கீறி ஒரு சொட்டு ரத்தம் வந்திருந்தால்கூட அன்றைக்கு அவன் வெளியே நிற்க வேண்டியதுதான். "இது உன் கை இல்லைடா. பெருமாளைத் தொடறதுக்குன்னு நம்மாத்துல குடுத்து வச்சிருக்கிற கை," என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொல்வார். அதனாலேயே அது பையனின் மனத்தில் ஆழமாக இறங்கிவிட்டது.

ஆனால் கோயிலில் அளக்கிற படியரிசியில் வயிறு நிறையுமே தவிர வேறு எதுவும் நிறையாது. அது அவருக்கும் தெரியும். அறுபத்திரண்டில் பையனைப் பட்டணத்துக் கல்லூரிக்கு அனுப்பினார். "படி, உத்தியோகம் கெடைச்சாப் பாரு. என்னால முடியாமப் போச்சுன்னா மட்டும் வந்துடணும்," என்றார். "வந்துடறேம்பா," என்றான் தேவராஜன். அவன் வாக்கு மாறுகிறவன் இல்லை. மாறியிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பான்.

தினமும் காலையில் அதே பாசஞ்சர் வண்டியில், அதே கல்லூரிக்கு, அதே ஊரிலிருந்து இன்னொருவனும் வந்துகொண்டிருந்தான். ராஜமாணிக்கம். ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரரும் பெருமாள் கோயில் தர்மகர்த்தாவுமான முனுசாமியின் மகன். பனை மரத்துக்குப் பேண்ட் போட்டுவிட்டது போல இருப்பான். அவன் ஓடிவந்து பந்து போட்டால் அடிக்கிறவனைவிடப் பின்னால் நிற்கிறவனுக்குத்தான் குலை நடுங்கும். கல்லூரி டீமின் கீப்பர் ஒரே வாரத்தில் கட்டை விரல் பிசகி விலகிக்கொண்டான். அடுத்தவன் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஊருக்கே போய்விட்டான்.

"ஐயரே, நீ வந்து நில்லு," என்றான் ராஜமாணிக்கம். நாமம் போட்டவனை ஐயரே என்று கூப்பிடக் கூடாது என்று எத்தனை தடவை சொன்னாலும் அவனுக்கு ஏறாது. "சும்மாத்தான கீற. கையை நீட்டினா பந்து தன்னால வந்து உழும்."

தன்னால வந்து விழவில்லை. பந்தைத் தேடி அலைந்து பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் நான்காவது பந்திலேயே தேவராஜனுக்குத் தெரிந்துவிட்டது, இதற்காகத்தான் தன் கை இத்தனை நாள் காத்திருந்தது என்று. கனமான திருமஞ்சனக் குடத்தைச் சிந்தாமல் தூக்கிப் பழகிய கை. மலர்ந்த பூவைக் கசங்காமல் எடுத்துப் பழகிய கை. பந்து வரும்போது அது முறைத்துக்கொண்டு எதிர்க்காமல் கொஞ்சம் பின்வாங்கி வாங்கிக்கொண்டது. சத்தமே வராது. பார்க்க அழகாக இருக்கும் என்று சொல்வார்கள். எனக்கு அதைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது.

பந்தும் தோல், கையுறையும் தோல்; தொட்டால் தீட்டு. மாலையில் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் கிணற்றடியில் தலையோடு குளித்துவிடுவான். உறைக்குள் பழைய வேட்டியைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக்கொள்வான். அப்பாவுக்கு விளையாட்டு என்று தெரியும். என்ன விளையாட்டு என்று கேட்டதில்லை. விடுமுறை நாளில் வாசற்படியில் நிறுத்திக் கையை மட்டும் பார்ப்பார். கை ஒழுங்காக இருக்கும். உள்ளே விடுவார்.

பட்டம் வாங்கியதும் இரண்டு பேரும் பட்டணத்து லீக்கில் சேர்ந்தார்கள். நான்காம் டிவிஷனில் ஒரு சின்ன கிளப். மைதானம் என்றால் பாதி மாடு மேயும் திடல். கயிற்றுப் பாயை விரித்து ஆணி அடித்து அதன்மேல் ஆட்டம். ஸ்டேஷனில் இறங்கி, கிட் பையை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். அடுத்த வருஷமே மூன்றாம் டிவிஷன் கிளப் கூப்பிட்டது. அதற்கு அடுத்த வருஷம் இரண்டாம் டிவிஷன். தேவராஜன் பகலில் ஒரு டுடோரியலில் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். சனி ஞாயிறுக்காக உயிரோடு இருந்தான்.

அறுபத்தெட்டு நவம்பரில் ஒரு மேட்ச் முடிந்ததும் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மரத்தடியிலிருந்து எழுந்து வந்தார். பாக்கியநாதன். முதல் டிவிஷனில் ஆடுகிற ஒரு பெரிய கம்பெனியின் டீமுக்குச் செயலாளர்.

"எங்க கீப்பர் இந்த சீசனோட நிறுத்திக்கிறார். ஏப்ரல்ல செலெக்‌ஷன் வைக்கிறோம். நீங்க ரெண்டு பேரும் வாங்க. டீம்ல எடுத்தா ஆபீஸ்ல கிளார்க் உத்தியோகமும் உண்டு," என்றார். பிறகு தேவராஜனின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "கீப்பர் கை மாதிரியே இல்லையே தம்பி. பொண்ணு கையாட்டம் இருக்கு. இப்பிடியே வச்சுக்கங்க."

கம்பெனி உத்தியோகம்! பென்ஷன் உண்டு, ஓய்வு பெறும்வரை மைதானம் உண்டு. செவ்வாப்பேட்டையிலிருந்தே போய்வரலாம். காலையில் அப்பாவுக்குக் கோயிலில் கை கொடுத்துவிட்டு வண்டி ஏறலாம். இரண்டு பக்கமும் நிற்கும்படி ஒரு வாழ்க்கை அவனுக்கு வாய்த்துவிட்டது போலத்தான் இருந்தது. அன்று வண்டியில் ராஜமாணிக்கம் பாட, இவன் ஜன்னல் பலகையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தான்.

மார்கழி பிறந்த முதல் ஞாயிறு அது நடந்தது. பாயின் ஓரம் ஒரு பக்கம் ஆணி கழன்று மடங்கியிருந்தது. ராஜமாணிக்கம் போட்ட பந்து சரியாக அந்த மடிப்பில் பட்டு, நெஞ்சுக்கு வர வேண்டியது கீழே குத்தி விலகியது. உறையின் விரல்நுனி ஏற்கெனவே கிழிந்திருந்தது. வலது கை மோதிர விரலின் நடுக்கணுவில் சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. தேவராஜன் உறையைக் கழற்றாமலேயே மீதி ஆட்டத்தை ஆடினான். கழற்றியபோது விரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"இன்னா ஐயரே, இப்டி வீங்கிக்கினு கீது!" ராஜமாணிக்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "வா, இப்பவே புத்தூருக்கு வண்டி ஏறலாம். எங்க நைனாவுக்குக் காலு ஒடைஞ்சப்போ அங்கதான் கட்னாங்க. இன்னிக்கும் அந்தக் காலோடதான் ஏர் ஓட்டிக்கினு கீறாரு."

தேவராஜன் சரி என்றுதான் தலையாட்டினான். நடந்துகொண்டே கேட்டான்: "என்ன போட்டுக் கட்டுவா?"

"பச்சிலை, மூங்கில் பத்தை, அப்பால முட்டை. முட்டை வெள்ளையைத் துணியில தடவி இறுக்கிச் சுத்திடுவாங்க. கல்லாட்டம் ஆயிடும்."

தேவராஜன் நடுத்தெருவில் நின்றுவிட்டான்.

"முட்டையா?"

"வாயிலயா ஊத்தப் போறாங்க? கையிலதான."

"கையிலதான் மாணிக்கம். அதான் முடியாது. இன்னும் ரெண்டு வாரத்துல வைகுண்ட ஏகாதசி. அப்பா தனியா. நான்தான் குடம் எடுக்கணும், தீர்த்தம் சேர்க்கணும். முட்டைக் கட்டோட நான் எப்படி உள்ளே போவேன்?"

"அப்போ பெரியாஸ்பத்திரிக்கு வா. மாவுக்கட்டு போட்டுக்கோ."

"அதையும் ஏகாதசிக்கு முன்னாடி பிரிக்க முடியாதே. அப்பாவுக்கு என்ன சொல்றது?"

ராஜமாணிக்கம் கெஞ்சினான், பிறகு வாய்க்கு வந்தபடி திட்டினான். "பேஜார் புடிச்ச ஆளுய்யா நீ! ஏப்ரல்ல செலெக்சனு வச்சிக்கினு..." என்று கத்தினான். தேவராஜன் அசையவில்லை. பெருமாளைத் தொடுகிற கை முட்டை படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. வேட்டித் துணியைக் கிழித்து, விளக்கெண்ணெயில் நனைத்து, பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். அப்பாவிடம் சுளுக்கு என்றான். அவருக்கு அப்போதே கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. "புளியும் உப்பும் காய்ச்சிப் பத்துப் போடு," என்று சொல்லிவிட்டுத் துளசி கிள்ளப் போனார்.

ஏகாதசியன்று விடியலிலிருந்து அந்தக் கையால்தான் குடம் குடமாகத் தூக்கினான். ஒவ்வொரு குடத்துக்கும் எலும்பு உள்ளே உரசியது. வலியில் கண்ணீர் வந்ததைப் பார்த்த கூட்டம், பட்டாச்சாரியார் பிள்ளைக்கு என்ன பக்தி என்று உருகிப்போயிற்று. இப்படியும் ஒரு கொடுமை உண்டா!

விரல் கூடியது, கோணலாகக் கூடியது. நடுக்கணு நெல்லிக்காய் பருமனுக்குப் புடைத்து, நுனி சுண்டு விரல் பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. மடக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது.

ஏப்ரலில் செலெக்‌ஷனுக்குப் போனார்கள். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அத்தனை தூரம் வந்தவனால் போகாமல் இருக்க முடியுமா? ராஜமாணிக்கம் பந்து போட, இவன் ஸ்டம்புக்குப் பின்னால் நின்றான். முதல் சில பந்துகள் வழக்கத்தைவிட மெதுவாக வந்தன. தேவராஜனுக்கு உடனே புரிந்தது, தனக்காகத்தான் அது என்று. பாக்கியநாதனுக்கும் புரிந்துவிட்டது.

"ஏம்பா, இதுதான் உன் வேகமா? இவ்வளவுதான்னா நீ கிளம்பலாம்," என்று அவர் ராஜமாணிக்கத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

ராஜமாணிக்கம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தேவராஜனையே பார்த்தான். அவன் பின்னால் முனுசாமியும் கடனில் போய்க்கொண்டிருந்த நிலமும் நின்றது தேவராஜனுக்குத் தெரியும். "போடு மாணிக்கம்," என்றான். அடுத்த பந்து முழு வேகத்தில் வந்தது. மட்டையின் ஓரத்தில் பட்டு வலப் பக்கம், இடுப்பளவு உயரத்தில், குழந்தைகூடப் பிடிக்கும் பந்து. இரண்டு கையும் போய்ச் சேர்ந்தன. மோதிர விரல் வழி விடவில்லை. பந்து அதன் புடைப்பில் மோதித் தரையில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

பாக்கியநாதன் வந்தார். "கையைக் காட்டு தம்பி," என்றார். தேவராஜனுக்கு ஒரு கணம் கோயில் வாசற்படி கண்ணில் தெரிந்தது. அவர் நெடுநேரம் பார்த்தார். நல்ல மனிதர், வருத்தப்பட்டார். "இதோட முதல் டிவிஷன் முடியாதுப்பா. வேற எதுனா பார்த்துக்க," என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். ராஜமாணிக்கத்துக்கு வேலை கிடைத்தது. செவ்வாப்பேட்டையில் இறங்கியதும் ராஜமாணிக்கம், "அன்னிக்கே சொன்னனே, கேட்டியா?" என்று கேட்டுவிட்டு ஸ்டேஷன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். தேவராஜன்தான் அவனைத் தேற்ற வேண்டியிருந்தது.

பிறகு வந்த வழியே இறக்கம். இரண்டாம் டிவிஷன் கிளப் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டது. மூன்றாம் டிவிஷனில் ஒரு சீசன். பிறகு நான்காம் டிவிஷன், பழைய மாடு மேயும் திடல். டுடோரியலையும் மூடிவிட்டார்கள். எழுபத்தொன்றில் பங்கஜவல்லி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துவைத்தார்கள். கெட்டிக்காரி. வந்த மறுநாளே கேட்டாள்: "இந்த விரலை அப்பா பார்த்தாரா?"

"சுளுக்குன்னு சொல்லியிருக்கேன்."

"சொல்லிடுங்கோ. நாளைக்கு அவர் கோயிலை உங்ககிட்ட குடுக்கறப்போ தெரியறதைவிட இப்பவே தெரியறது மேல்."

அவன் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினான். அப்பாவின் பார்வையோ மங்கிக்கொண்டே வந்தது. அவர் முன்னால் வலது கையை மேல்வேட்டிக்குள் மறைத்தே பழகிவிட்டான். மைதானம் போனாலும் கோயில் இருக்கிறது என்பதுதான் அவனுக்கு மிஞ்சியிருந்த ஒரே பிடி. அதையும் இழந்துவிடுவோம் என்ற பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எழுபத்துமூன்று ஆவணியில் கிருஷ்ணஸ்வாமி பட்டாச்சாரியாருக்குப் பெருமாள் முகமே தெரியாமல் போயிற்று. கண் ஆபரேஷன் செய்தும் பயனில்லை. திருவிளக்கை ஒரு நாள் தட்டிவிட்டார். அன்றே முனுசாமியைக் கூப்பிட்டு, "இனிமே தேவராஜன் பண்ணட்டும்," என்றார். நல்ல நாள் பார்த்தார்கள். ஊர் வந்து நின்றது. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கோயிலில் கைங்கரியம் செய்துகொண்டிருந்த தம்பி பிள்ளை ராமபத்ரனையும் பட்டாச்சாரியார் ஒத்தாசைக்கு வரவழைத்திருந்தார்.

கருவறைக்கு முன்னால் மணையில் அப்பாவும் பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சங்கல்பத்துக்குப் பவித்திரம் போட வேண்டும். தர்ப்பைப் புல்லை முறுக்கி மோதிரமாக்கி வலது மோதிர விரலில் அணிந்தால்தான் எந்தக் காரியமும் தொடங்கும். அதை அப்பாவே தம் கையால் முறுக்கிவைத்திருந்தார். தம் கையாலேயே போட்டுவிட ஆசைப்பட்டார்.

"கையைக் குடுடா."

தேவராஜன் நீட்டினான். அவர் தடவி மோதிர விரலைத் தேடிப் பவித்திரத்தை நுழைத்தார். நடுக்கணுவில் அது நின்றது. தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. பவித்திரத்தை விட்டுவிட்டு விரலைத் தடவினார். புடைப்பை, சாய்ந்த நுனியை, மடங்காத கணுவை, மறுபடி முதலிலிருந்து. மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார்.

முனுசாமிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "சாமி, விரல்ல கொஞ்சம் கோணல், அவ்ளோதான். போவட்டும் உடு. பெருமாளு கேக்கவா போறாரு? நம்ம ஊட்டுப் புள்ள சாமி," என்றார்.

"பெருமாள் கேக்க மாட்டார் முனுசாமி. அவர் கேக்காத இடத்துல நான்தானே கேக்கணும்," என்றார் பட்டாச்சாரியார். "அங்கம் குறைஞ்ச கை அவரைத் தொடப்படாது. எங்க தாத்தா காலத்துலேந்து இதுக்காகத்தான் கையைப் பார்த்துண்டு வந்தோம். என் பிள்ளைன்னதும் மாத்தினா, இத்தனை வருஷமா நான் பார்த்ததெல்லாம் பொய்யாயிடுமே." பிறகு தலையைத் திருப்பாமல், "ராமபத்ரா, நீ வந்து உட்காரு," என்றார்.

ராமபத்ரன் தயங்கினான். தேவராஜனே எழுந்து அவனுக்கு மணையை விட்டான்.

அன்று மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. அப்பா கேட்டார்: "எப்போடா ஒடைஞ்சுது?" தேவராஜன் எல்லாவற்றையும் சொன்னான், பாய் மடிப்பிலிருந்து ஏகாதசிக் குடம் வரைக்கும். "முட்டை வச்சுக் கட்டணும்னான்பா. பெருமாளைத் தொடற கையாச்சேன்னுதான் மாட்டேன்னுட்டேன்."

கிழவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அசடே! முட்டை பட்ட கைக்குப் பிராயச்சித்தம் இருக்குடா. ஸ்நானம் இருக்கு, பஞ்சகவ்யம் இருக்கு, ஜபம் இருக்கு. நானே பண்ணி வச்சிருப்பேனேடா. ஒரு ஏகாதசிக்கு மீஞ்சூர்லேந்து ராமபத்ரனைக் கூப்பிட்டிருக்க மாட்டேனா? ஒரு வார்த்தை என்னைக் கேக்கப்படாதா? கோணிப்போன கைக்கு ஒண்ணுமே இல்லையேடா!"

தேவராஜனுக்கு அதற்கு மேல் வாழ்க்கையில் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை.

கோயில் வீடு கோயிலைச் சேர்ந்தது. அதில் ராமபத்ரன் குடும்பம் வந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் ஒன்றிரண்டு தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. ராஜமாணிக்கம் யார் யாரையோ பிடித்து ஓர் இரும்புத் தொழிற்சாலை ஸ்டோரில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தான். அப்பாவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு, இரும்புத் தூள் படிகிற ஒரு ஓட்டு வீட்டுக்குத் தேவராஜன் குடிபோனான். தொழிற்சாலைக்கும் நான்காம் டிவிஷனில் ஒரு டீம் இருந்தது. கீப்பர் கிடைக்கவில்லை என்றார்கள். போய் நின்றான். காக்கப்பட வேண்டிய கை இல்லை என்று ஆனபிறகு பயம் எதற்கு? மற்ற விரல்களும் ஒவ்வொன்றாகப் பிசகின. ஒன்றுக்கும் கட்டுப் போடவில்லை.

அதற்குப் பிறகு பட்டாச்சாரியார் ஒரு நாளும் பிள்ளையைக் கடிந்துகொள்ளவில்லை. சாயங்காலம் நடக்கப் போகும்போது அவனுடைய இடது கையைத்தான் பிடித்துக்கொள்வார். அவன் வலது கையை நீட்டினாலும் தடவிப் பார்த்து விட்டுவிட்டு இடதைத் தேடுவார். மூன்று வருஷம் அப்படியே நடந்தார்கள்.

எழுபத்தாறு ஐப்பசியில் ஒரு நாள், மழை விட்ட காலை நேரம், பாயில் படுத்திருந்தவர் கூப்பிட்டார். "அந்தக் கையைக் குடுடா," என்றார். தேவராஜன் இடது கையைக் கொடுத்தான். "இது இல்லை, அது," என்றார். வலது கையை வாங்கி, கோணல் விரலை மட்டும் தம் விரல்களுக்குள் வைத்து மூடிக்கொண்டார். "ரொம்ப வலிச்சுதாடா, குடம் தூக்கறச்சே?" என்று கேட்டார். அவன் தலையை ஆட்டினான். அது அவருக்குத் தெரிந்திருக்காது. மத்தியானத்துக்குள் போய்விட்டார்.

சுடுகாட்டில் ராமபத்ரன் நின்றான், முனுசாமி நின்றார், ராஜமாணிக்கம் ஆபீஸிலிருந்து ஓடிவந்து நின்றான். காரியம் செய்துவைக்க வந்த வாத்தியார் பவித்திரத்துக்குத் தர்ப்பை எடுத்தார். சாவுக் காரியத்துக்கு ஒற்றைப் புல்தான். தேவராஜன் பழக்கத்தில் வலது கையை மேல்வேட்டிக்குள் இழுத்துக்கொண்டான். வாத்தியார் அதைச் சாதாரணமாகப் பிடித்து வெளியே எடுத்தார். ஒற்றைப் புல் தளர்வாக இருந்ததால் நடுக்கணுவைத் தாண்டி அடி வரைக்கும் இறங்கிவிட்டது. கோணல் விரலை அவர் பார்த்தார். பிறகு கொள்ளியை அந்தக் கையில் கொடுத்தார்.

இதற்கு அந்தக் கை போதுமாக இருந்தது.